கிணற்றுக்கு நூற்றியொன்று

சுமைதாங்கிக் கல் இருந்தால் போதும், மற்றதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன், கல் இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது, ரோட்டின் மேல் ரோடாகப் போட்டு ஏற்றியதில் அதன் இரண்டு கால்களிலும் பாதி தாருக்குள் போய்விட்டது, எட்டு வயதில் என் தலைக்கு நேராக இருந்த குறுக்குக்கல் இன்றைக்கு என் தொடைக்கு இருக்கிறது, அதன்மேல் பக்கத்துப் பேக்கரிக்காரம்மா காலிப் பால் கிரேட்டுகளை அடுக்கியிருக்கிறாள், நான்கு நீலம், ஒன்று சிவப்பு. கல்லை இடது கையால் தொடவேண்டும், அம்மா அப்படித்தான் தொடுவாள், தொட்டுவிட்டுத்தான் முதல் அடி, ஆனால் பேக்கரிக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரோ ஒரு கிழவன் பால் கிரேட்டைத் தடவுகிறான் என்று நினைப்பாள், அவள் உள்ளே திரும்பட்டும். மணி ஒன்பது பத்து. ஜேசிபி பத்து மணிக்கு வந்துவிடும் என்று சுகுணா சொல்லியிருக்கிறாள். சுகுணா என் தங்கை ருக்குமணியின் மகள், ருக்குமணி போய் ஆறு வருடம் ஆகிறது, இவளுக்கும் நாற்பத்தெட்டு ஆகிவிட்டது, முப்பது வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்து, ஒன்பது வாடகை வீடு மாறி, கடைசியில் நாங்கள் பிறந்த தெருவுக்குப் பின்னாலேயே மூன்று சென்ட் இடம் வாங்கியிருக்கிறாள். போன வாரம் போனில் கூப்பிட்டாள். "மாமா, எங்கெடத்துல ஒரு பழைய கெணறு மூடிக் கெடக்குதாமுங்க. எங்கீன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க. மேஸ்திரி பயமுறுத்தறாரு. கெணத்து மேல தூணு நின்னுதுன்னா ஒரே மழையில வீடு ஒக்காந்துக்குமாமுங்க." யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எதையும் யோசித்துத்தான் சொல்வேன், நாலு பேர் இருக்கும் இடத்தில் சரியான விடை தெரிந்தாலும் சொல்லாமல் வந்துவிடுவேன், ஆனால் அன்றைக்கு அவள் கேட்டு முடிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது. "கல்லுல இருந்து நூத்தியொண்ணு." "என்னுங் மாமா நூத்தியொண்ணு?" "அடி, அம்மிணி. கெணத்துக்கு." அவள் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இத்தன வருசமா வெச்சிருந்தீங்களா மாமா இத?" வைத்திருந்தேன். அறுபத்தெட்டு வருடம். நாற்பத்து மூன்றில் வளைவு, வளைவிலிருந்து ஐம்பத்தெட்டில் கிணறு, கூட்டினால் நூற்றியொன்று, மில்லில் வேலை செய்தபோது நூல் கோன் எண்ணிக் களைத்துப் படுத்தால் தூக்கம் வருவதற்கு இதைத்தான் சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் சாமி பெயர் சொல்வதுபோல. யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட.

பேக்கரிக்காரம்மா உள்ளே போய்விட்டாள். தொட்டாயிற்று. கல் குளிர்ந்துதான் இருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, எங்கள் வீடு இந்த இடத்தில் இருந்திருக்கவேண்டும், ஐந்து ஓட்டு வீடுகளில் இரண்டாவது, இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி, ஆறு, ஏழு. அடியின் நீளத்தைப் பற்றியும் யோசித்துவிட்டேன், யோசிக்காமல் வரவில்லை, எட்டு வயது அடி வேறு எழுபத்தாறு வயது அடி வேறு என்று யாரும் கேட்பார்கள், ஆனால் அந்த எண் என் அடியின் எண் அல்ல, அம்மாவின் அடி, ஆறு மாதப் பிள்ளை வயிற்றில், இடுப்பில் குடம், கண் தெரியாத நேரம், அவள் எவ்வளவு சின்னதாக எடுத்துவைப்பாளோ அவ்வளவுக்கு நானும் வைப்பேன், ஒன்றரை டைல்ஸ் இருக்கும். என் முழங்கால் இரண்டும் பழுதான பிறகு நானும் ஒன்றரை டைல்ஸுக்கு மேல் போவதில்லை, காலையில் பஸ் ஸ்டாண்டில் டைல்ஸ் மேல் இருபது அடி நடந்து பார்த்துக்கொண்டேன், முப்பது டைல்ஸ் சரியாக வந்தது. பதினொன்று, பன்னிரண்டு. மாலைக்கண் என்று அப்போது எங்களுக்குப் பெயர் தெரியாது. ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம், இன்னும் விளக்கு ஏற்றவில்லை, அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள். "சாமி, டம்ளர் எங்கீடா வெச்சேன்?" "முன்னாலதானம்மா இருக்குது." அவள் கை டம்ளருக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, சாம்பலுக்குள் போயிற்று. நான் எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், என் முகத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். "அப்பங்கிட்டச் சொல்லாத. மில்லுல தெரிஞ்சா நிறுத்திருவாங்க." பஞ்சு மில்லில் கொட்டை பொறுக்கும் வேலை, விட்டு வருவதற்குள் பொழுது இறங்கிவிடும், அதற்குப் பிறகுதான் தண்ணீர், அப்பா ஊர் ஊராகச் சந்தைக்குப் போய்த் தானியம் அளப்பவர், அவர் வரும்போது ஊரே சாப்பிட்டு முடித்திருக்கும். அதனால் நான். பத்தொன்பது, இருபது. அம்மா என் தோளில் கை வைத்துக்கொள்வாள், பார்க்கிறவர்களுக்குப் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு போகிறாள் என்று இருக்கும், அந்தக் கையின் கனத்திலேயே அவள் எவ்வளவு பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும், வளைவு வரைக்கும் லேசாக இருக்கும், வளைவு தாண்டினால் கனக்கும். ஏனென்றால் அந்தக் கிணற்றுக்கு மூன்று பக்கம்தான் சுவர், நாலாவது பக்கம், ஒரு காலத்தில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த பக்கம், வெறுமனே திறந்து கிடக்கும், எங்கள் தடம் நேராக அந்தப் பக்கம்தான் போய்ச் சேரும். நூற்றியொன்று என்று நான் சொன்னதும் அம்மா, "போதும், நில்லு" என்பாள். எனக்கும் சேர்த்துத் தனக்கும் சொல்லிக்கொள்வாள். நூற்றிரண்டு என்று ஒன்று கிடையாது. நான் அப்படித்தான் எண்ணக் கற்றேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான், ஆனால் எண்ணுவதில் தப்பு வந்ததில்லை, மில்லில் முப்பத்தொரு வருடம் நான் எண்ணி அடுக்கிவைத்த அட்டியலை சூப்பர்வைசர் மறுபடி எண்ணியதில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. நின்றேன். எதிரில் ஒரு செல்போன் கடை. வளைவு இல்லை.

வளைவு இருக்கிறது, தூரத்தில், தெரிகிறது, ஒரு லாரி திரும்புகிறது, நான் வந்த தூரம் இன்னும் ஒரு மடங்கு இருக்கும். வீடுகளை இடித்து மாற்றலாம், பெயரை மாற்றலாம், தெருவின் வளைவை எவரும் நிமிர்த்துவதில்லை, ஓரடி ஈரடி ஆக்கிரமிப்பு இருக்கலாம், இவ்வளவா. நடுவில் எங்கோ எண்ணை விட்டுவிட்டேன், டம்ளரை நினைத்த இடத்தில் விட்டிருப்பேன், யோசனையோடு எண்ணக்கூடாது, திரும்பிக் கல்லுக்கே போனேன். இந்த முறை அம்மாவை நினைக்கவில்லை, பல் ஆஸ்பத்திரியை நினைக்கவில்லை, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு நடந்தேன், நாலு விரல் மடங்கி மூன்று அடி வைத்தபோது அதே செல்போன் கடை, அதே விளம்பரத்தில் அதே பெண் சிரிக்கிறாள். மடக்கிய விரல்களை மறுபடி பார்த்தேன், நாலுதான். அறுபத்தெட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தது தப்பா, அல்லது சரியாக இருந்தது இப்போது மாறிவிட்டதா, எது என்று யாரிடம் கேட்பது, அந்த எண்ணைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி இல்லை. மில்லில் என்னோடு இருந்த ரங்கசாமி இப்படித்தான் ஆனான், முதலில் மறந்தது பஸ் நம்பர், பிறகு மகள் பெயர், கடைசியில் சாப்பிட்டானா இல்லையா என்பதே தெரியாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான், நான் போய்ப் பார்த்தபோது என்னை "அண்ணாச்சி, நீங்க எந்த ஷிப்ட்டு" என்று கேட்டான். போன மாதம் ஒரு நாள் காலை மாத்திரையை இரண்டு முறை போட்டேன். ஒரே ஒரு நாள்தான், ஆனால் போட்டேன். அறுபத்தெட்டு வருடத்தில் நாற்பத்து மூன்று எண்பதாக இருந்து தேய்ந்து நாற்பத்து மூன்று ஆகியிருக்குமோ, எண் தேயுமா. போன் அடித்தது. சுகுணா. "மாமா, எங்கீங்க இருக்கறீங்க? ஜேசிபிக்காரரு முன்னாடியே வந்துட்டாருங்க." பின்னால் மேஸ்திரி குருநாதனின் குரல், எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொல்கிறார். "பெரியவரு நூறு அடி எண்ணறதுக்கு நூறு நிமிசம் ஆகுமாட்ட இருக்குது. நாம டீ குடிச்சுட்டு வந்தரலாம்." "சித்தெ இரு அம்மிணி, வந்துட்டேன்" என்றேன். அங்கே நின்று எதையாவது காட்டவேண்டும். என் விரல் காட்டும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தூண் போடுவார்கள், ஒன்பது தூண், என் விரல் தப்பான இடத்தைக் காட்டினால் சரியான இடத்தில் போய் ஒரு தூண் நிற்கும், அதன்மேல் சுகுணா படுத்துத் தூங்குவாள். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொல்லலாம். குருநாதன் சிரிப்பார், சிரிக்கட்டும், ஆனால் சுகுணா சிரிக்கமாட்டாள், "பரவாயில்லீங் மாமா, வெயில்ல ஏனுங்க நிக்கறீங்க" என்பாள், அது இன்னும் மோசம்.

மறுபடியும் கல்லடியில் வந்து நின்றேன், மூன்றாவது முறை. பேக்கரிக்காரம்மா வெளியே வந்துவிட்டாள். "ஏனுங்கய்யா, எதாச்சும் கீழ உட்டுட்டீங்களா? ரெண்டு நடையாப் போயிப் போயி வர்றீங்க." "இல்லீங்க. சும்மா." "சும்மாவா. வெயிலு ஏறுதுங்க. இதுல உக்காருங்க" என்று அவளே கிரேட்டுகளை இறக்கிவைத்துக் கல்லைத் தன் முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தக் கல்லில் எங்கள் காலத்தில் உட்காரமாட்டார்கள், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன யாருக்கோ வைத்த கல் என்று சொல்வார்கள், கர்ப்பிணிகள் சுற்றிக்கொண்டு போவார்கள், அம்மா மட்டும் அதைத் தொட்டுவிட்டுப் புறப்படுவாள், "அவளும் நம்மளாட்டச் சொமந்தவதானே, தள்ளியா உட்ருவா" என்பாள். நான் உட்கார்ந்துவிட்டேன். தெருவைப் பார்த்தேன். ஊர் மாறிப்போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உண்மையாகவே இல்லை, வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, ஒரு பெண்ணும் குடத்தோடு போகவில்லை, கல்லிலிருந்து வளைவு வரைக்கும் மட்டும் மூன்று விளக்குக் கம்பம் எண்ணினேன், அதில் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் போதும், ஒன்று எரிந்திருந்தால்கூட அம்மாவுக்குத் தடம் தெரிந்திருக்குமா என்று தெரியாது, ஆனால் எனக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் பயம்தான், அவளிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு சாயங்காலம் நானும் கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனேன், இரண்டு பேரும் குருடாக, கையும் தோளும் மட்டும், எண் மட்டும், எங்களை அந்த எண்தான் கூட்டிப்போயிற்று. இப்போதும் கண்ணை மூடினேன். வெயில் இமைக்குள் சிவப்பாக இருந்தது. எழுந்து இடது கையைக் கல்லில் வைத்தேன், வலது முழங்கால் வலித்தது, இடது காலை எடுத்துவைத்தேன், வாய் தானாக "லாபமேய்" என்றது, வலது காலை வைத்தேன், "லாபம்" என்றது. நான் கண்ணைத் திறக்கவில்லை. இடது கால், ரெண்டேய். வலது கால், ரெண்டு. மூணேய். மூணு. அப்பா. அப்பா அளக்கும் பாட்டு. வள்ளப் படியைக் கம்பு அம்பாரத்தில் அமுக்கி எடுத்து, தலை தட்டி, சாக்கில் கவிழ்க்கும்போது அவர் ஒன்று என்று தொடங்கமாட்டார், சந்தையில் யாரும் தொடங்கமாட்டார்கள், முதல் வள்ளம் லாபம்தான், பிறகு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொல்வார், எடுக்கும்போது ஒரு முறை, கவிழ்க்கும்போது ஒரு முறை, பேச்சுக் கொடுத்து எண்ணைக் குலைக்க வருகிறவனிடமிருந்து எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள. எனக்கு எண்ணத் தெரிந்தது அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில்கூட "லாபம், ரெண்டு" என்று தொடங்கி வாத்தியாரிடம் அடி வாங்கியவன். அம்மாவைக் கூட்டிப்போனபோதும் அப்படித்தான் எண்ணினேன், இடது காலுக்கு ஒரு முறை, வலது காலுக்கு ஒரு முறை. மில்லுக்குப் போன பிறகு கோனை ஒற்றையாக எண்ணிப் பழகி, ஒற்றையாகவே இதையும் சொல்லிச் சொல்லிப் படுத்திருக்கிறேன். எண் தேயவில்லை. ஓசைதான் பாதி விழுந்துவிட்டது.

பன்னிரண்டேய், பன்னிரண்டு. கண்ணைத் திறந்துகொண்டேன், ஒரு ஸ்கூட்டர் என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மெதுவாகச் சொன்னேன், ஆனால் சத்தமாக, தெருவில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை, இரண்டு வடக்கத்திப் பையன்கள் டிபன் பாக்ஸோடு ஒதுங்கி வழிவிட்டார்கள், ஏதோ மந்திரம் என்று நினைத்திருப்பார்கள். முப்பதேய், முப்பது. இந்த முப்பதில் ஒன்று நடந்தது. ருக்குமணி பிறந்து ஐந்து மாதம் இருக்கும், அம்மா அவளை ஒரு இடுப்பிலும் குடத்தை மறு இடுப்பிலும் வைத்திருந்தாள், குடத்தைப் பிடித்த கையின் முழங்கைதான் என் தோளில் படும், நன்றாக இருட்டிவிட்டது, நிலா வெளிச்சம் மட்டும், நான் அவள் பக்கம் திரும்பி முப்பதேய் என்றேன், அம்மா சொன்னாள், "சட்டையில நடுப் பொத்தான் எங்கீடா?" நான் முப்பது என்றேன். அதற்குப் பிறகுதான் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது, முழங்கை ஒரு கணம் என் தோளை விட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தது. முப்பத்தொண்ணேய், முப்பத்தொண்ணு. அவளுக்குக் கண் தெரிந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கிணற்றடியில் "போதும், நில்லு" என்று எப்போதும்போலச் சொன்னாள். மறுநாளும் "வாடா சாமி, எண்ணு" என்றாள். அதற்கு மறுநாளும். நாங்கள் ஊரை விட்டுப் போகும்வரை இரண்டு வருடம், பொத்தானைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. நாற்பத்து மூணேய். நாற்பத்து மூணு. வலது காலுக்குக் கீழே வளைவு. சரியாக வளைவு. ஒரு காலணி அளவுகூட இப்படி அப்படி இல்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், சிரித்தால் எண் போய்விடும். இங்கிருந்து அந்தக் காலத்தில் வெறும் காடு, எருக்கஞ்செடி, இப்போது ஒரு முட்டுச் சந்து, சந்தின் கடைசியில் சுகுணாவின் இடம், மஞ்சளாக ஜேசிபி நிற்கிறது, சந்து முழுக்கச் சாயப்பட்டறை வாசனை. ஐம்பதேய், ஐம்பது. மண் தெரியவில்லை, காங்கிரீட், ஆனால் கால் அறிகிறது, இந்த இடத்தில் லேசாக இறக்கம் இருக்கும், இருக்கிறது, காங்கிரீட்டும் அதோடு இறங்குகிறது. சந்து முடிந்தது, காலுக்குக் கீழே கட்டட இடிசல் நெரிந்தது. எண்பத்தாறேய். சுகுணா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள், என் வாய் அசைவதைப் பார்த்துப் பேசாமல் கூட நடந்தாள், நல்ல பெண், அவள் அம்மாவும் இப்படித்தான், வயிற்றில் இருந்தபோதே இந்த வழியில் சத்தம் போடாமல் வந்தவள். குருநாதன் டீ டம்ளரோடு திரும்பினார். "வாங்க பெரியவரே. கெணறு கூட வருதுங்களா, பின்னால வருதுங்களா?" தொண்ணூத்தெட்டேய், தொண்ணூத்தெட்டு. சுண்ணாம்புப் பொடியில் போட்ட சதுரங்கள், ஒன்பது, நடு வரிசையில் கடைசிச் சதுரத்தின் கோட்டில் என் கால் வந்து நின்றது. நூத்தியொண்ணு. உள்ளங்கால் குளிர்ந்தது. அடுத்த அடி வைக்க வரவில்லை.

"இதுக்கு முன்னால" என்றேன். "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இல்லீங்க." "அந்தச் சதுரத்துலயா? நடு வரிசைத் தூணு அங்கதானுங்களே நிக்குது?" என்றார் குருநாதன், டம்ளரைக் கீழே வைத்தார். "நாலடிக்கு ரொப்பின மண்ணுங்க. தப்பாச்சுன்னா ஜேசிபி வாடகை தண்டம்." "தோண்டுங்க" என்றாள் சுகுணா. "மாமா சொல்லீட்டாரில்ல." என்னைப் பின்னால் வரச் சொன்னார்கள், இரண்டு அடி வந்தேன். மண் வாரும் பக்கெட் இறங்கி இடிசலைக் கடித்து எடுத்து, திரும்பி, கவிழ்த்தது. லாபமேய், லாபம். நானாகச் சொல்லவில்லை, இறங்கும்போது ஒன்று, கவிழும்போது ஒன்று, வாய் சொல்லிக்கொண்டது. ஓடு வந்தது, சிமெண்டு மூட்டை வந்தது, ஒரு செருப்பு வந்தது. ஆறேய், ஆறு. செம்மண். எட்டேய், எட்டு. மறுபடி செம்மண், எங்கேயும் இருக்கும் செம்மண், குருநாதன் என்னைப் பார்க்காமல் சுகுணாவைப் பார்த்தார், அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்க்க முன்னால் போய், பயந்து, பிடிமானத்துக்கு என் தோளில் கை வைத்தாள். கனத்தது. பத்தேய், பத்து. மண் கறுத்துவிட்டது, ஈரம், பழைய சாம்பல் வாசனை. பதினொண்ணேய், பதினொண்ணு. பன்னிரண்டேய், பக்கெட்டின் பல் எதிலோ உரசியது, இடிசல் சத்தம் இல்லை, கருங்கல் சத்தம், மண் சரிந்து விழுந்தது, உள்ளே கல் மேல் கல்லாக ஒரு வளைந்த கிணற்றுச் சுவர், ஈரத்தில் மின்னிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிப் போகிறது, இந்தப் பக்கம், எங்கள் பக்கம், திறந்து கிடக்கிறது. குருநாதன் இரண்டு கையையும் தூக்கினார்.

"போதும், நில்லு."

டிரைவரிடம்தான் சொன்னார். நான் முன்பே நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நின்றேன்.